கத்திரி வெயிலில் கோழிக் கொட்டகை: கீற்றா, சுண்ணாம்பா, ஃபாகரா?

வேலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 14 சிறுவிடைக் கோழிகள். தாம்பரத்தில் அக்கா வீட்டில் 6. போன கோடையில் இருவரும் ஒரே மாதிரி ஃபாகர், அதாவது நீரைப் பனிமூட்டம் போல மெல்லிய துளிகளாகத் தெளிக்கும் கருவி, வாங்கிப் பொருத்தினோம். இங்கே கோழிகள் அதற்குக் கீழே வந்து சுகமாக நின்றன. அங்கே கொட்டகை முழுக்க நசநசவென்று ஆனதுதான் மிச்சம். கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவது நிற்கவே இல்லை. “உனக்கு மட்டும் எப்படிடா வேலை செய்யுது?” என்று அக்கா போனில் கேட்டாள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் சூடு இயல்பிலேயே 41 டிகிரிக்கு மேல். கொண்டை, தாடி, கால், விரித்த இறக்கையின் அடிப்பகுதி வழியாகக் கொஞ்சம் சூடு இறங்கும். வெயில் ஏறிவிட்டால் மூச்சோடு ஈரத்தை வெளியேற்றித்தான் தப்பிக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழியும் அடைபடும். வேலூரின் மதியக் காற்று காய்ந்த காற்று, தெளித்த நீர் உடனே ஆவியாகிக் குளிர்ச்சி தருகிறது. கடற்காற்று எட்டும் தாம்பரத்தில் அதே ஃபாகர் புழுக்கத்தைத்தான் கூட்டுகிறது. அக்கா அதைக் கழற்றிவிட்டு ஒரு பழைய டேபிள் ஃபேனை வைத்தாள், நிலைமை தேவலாம் ஆனது.

சரி, அப்படியானால் ஃபேன்தான் எங்கும் சிறந்ததா என்றால், அதுவும் இல்லை. வீசுகிற காற்று கோழியின் உடம்பை விடக் குளிர்ச்சியாக இருக்கிற வரைக்கும்தான் ஃபேனால் பலன். வேலூரில் 42 டிகிரி தொடுகிற நாளில் மதியம் இரண்டு மணிக்கு வெறும் ஃபேன் போட்டால் அது அனலைத்தான் வாரி அடிக்கும். அந்த நேரத்துக்கு மேற்குப் பக்கம் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுகிறேன். ஃபாகரின் வேலையில் பாதியைச் சாக்கு செய்துவிடுகிறது, மின்சாரமும் வேண்டாம், அடைத்துக்கொள்ளும் தெளிப்பு மூக்கும் இல்லை. நாலு பக்கமும் தொங்கவிட்டு மூடிவிடாதீர்கள், காற்றோட்டம் செத்துப்போகும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது வரிசை. முதலில் பார்க்க வேண்டியது கூரையை. பலரும் தகரத்தையோ ஆஸ்பெஸ்டாஸையோ போட்டுவிட்டு, அது இறக்குகிற சூட்டைத் தண்ணீராலும் மின்சாரத்தாலும் விரட்டப் பார்க்கிறார்கள்.

எங்கள் கொட்டகைத் தகரத்தில் பாதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து, மதியம் உள்ளே நின்று அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். அடிக்காத பாதியில் விரலை வைத்த வேகத்தில் எடுக்க வேண்டியிருந்தது. அடித்த பாதியில் கையை வைத்திருக்க முடிந்தது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். வெறும் சுண்ணாம்பு முதல் மழையிலேயே வழிந்துவிடும் என்பதால் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட்டாக அடித்தேன். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதன் மேல் ஏறாதீர்கள், ஆள் பாரத்துக்கு உடைந்து உள்ளே விழுந்தவர்கள் உண்டு. ஏணியில் நின்று நீளக் கம்பில் கட்டிய பிரஷ்ஷால் அடிப்பதே நல்லது.

கீற்று இதை விட ஒரு படி மேல். தென்னங்கீற்று சூட்டை உள்ளே விடாது, இடுக்குகள் வழியே மூச்சும் விடும். தகரத்துக்கு மேலேயே கீற்றைப் பரப்பிக் கட்டி, 11 மணிக்கும் 2 மணிக்கும் ஹோஸால் நனைத்தால் வறண்ட ஊரில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஓரிரண்டு வருஷத்தில் மட்கிவிடும். எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும், தீபாவளிக்கு ஒரு பொறி போதும். பனையோலை இன்னும் கொஞ்ச வருஷம் கூடத் தாங்கும், வேயத் தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை. வீட்டில் தென்னை இருந்தால் கீற்று, இல்லாவிட்டால் சுண்ணாம்பு என்பது என் கணக்கு. தாம்பரத்துக்கும் சுண்ணாம்பைத்தான் சொன்னேன், அதற்கு ஈரப்பதம் ஒரு பொருட்டில்லை.

கொட்டகை இனிமேல்தான் கட்டப்போகிறீர்கள் என்றால், நாமக்கல் பண்ணைகளைப் போல நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும். காலை, மாலைச் சாய்வெயில் குட்டைச் சுவரில் மட்டும் படும்.

குடிநீர் விஷயத்தில் பெரிய போட்டி இல்லை. பிளாஸ்டிக் குடிப்பான் கழுவ எளிது, ஆனால் வெயிலில் தண்ணீர் கொதித்துவிடும், சூடான தண்ணீரைக் கோழி தொடாது. சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கிற கோழிக்குக் கோடையில் அரை லிட்டராவது வேண்டும். நிழலில் நாலைந்து மண்சட்டிகளை வைத்துத் தினமும் பாசி தேய்த்துக் கழுவுகிறேன். மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றாதீர்கள்.

தீவனத்தில் மோரா, கடையில் விற்கும் எலக்ட்ரோலைட் பொடியா என்று அக்காவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. எதைக் கொடுத்தாலும் நேரம்தான் முக்கியம் என்பேன். தின்றது செரிக்கும்போது உடம்புக்குள் சூடு பிறக்கும். அதனால் தானியத்தைக் காலை ஏழு மணிக்குள் ஒரு முறை, மாலை ஐந்துக்கு மேல் ஒரு முறை, அவ்வளவுதான். ஓயாமல் மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து முட்டை ஓட்டுக்கான சரக்கும் குறைகிறது, கோடையில் கெட்டி ஓடில்லாத தோல்முட்டை விழுவது இதனால்தான். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில் என்பதால் கிளிஞ்சல் தூளை மாலையில் வைப்பது உத்தமம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து திருகினால் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அது வெள்ளைக் கழிச்சல் என்கிற தொற்றுநோயாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

சுருண்டு விழுந்த கோழிக்கு ஐஸ் தண்ணீர் வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் கழுத்துவரை முக்கி எடுத்து, நிழலில் காற்றுப்படும்படி வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

நிழல்வலைக்கும் மரத்துக்கும் நடுவே ஒப்பிடவே எனக்கு மனசு வரவில்லை. பச்சை வலை வெயிலை மறைக்கிறது, ஆனால் தானும் சூடாகிறது. தாழ்வாகக் கட்டினால் அதன் கீழே அனல் தேங்கும். கட்டத்தான் வேண்டும் என்றால் ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். மரம் இலை வழியாக நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. முருங்கை நிழல் போதாது, வேம்பும் புங்கையும் நல்லவை.

சுண்ணாம்பு, சாக்கு, ஃபாகர் என்று இத்தனையும் செய்து முடித்த பிறகு ஒருநாள் மதியம் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். அடைக்கோழி ஒன்றைத் தவிர யாரும் இல்லை. குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் வாழையடியில் ஆளுக்கொரு குழி பறித்து, ஈர மண்ணில் வயிற்றை வைத்துப் பதின்மூன்றும் படுத்திருந்தன.