ஒரே நிறுவனமா, பல நிறுவனங்களா: ஷில்லரும் செயின்ட் ஜானும் சென்ற இரு பாதைகள்

தொழில்நுட்பம், ஊடகம் ஆகிய துறைகளில் சந்தைப்படுத்தலின் உச்சத்தைத் தொட்டவர்களில் பில் ஷில்லரும் போசோமா செயின்ட் ஜானும் நேரெதிரான வழிகளில் சென்றவர்கள். 1987இல் ஆப்பிளில் சேர்ந்த ஷில்லர், 1993இல் வெளியேறி 1997இல் திரும்பிய இடைவெளி நீங்கலாக, அங்கேயே நிலைத்தார். செயின்ட் ஜானோ பெப்சிகோவில் பெயரெடுத்து, 2014இல் பீட்ஸ் மியூசிக் என்ற இசைச் சேவைக்கும், அதை ஆப்பிள் வாங்கியதால் ஆப்பிளுக்கும், 2017இல் ஊபருக்கும், 2018இல் எண்டெவர் என்ற பொழுதுபோக்கு நிறுவனத்துக்கும், 2020இல் நெட்ஃபிளிக்ஸுக்கும் சென்றார்.

மேடையில் இருவருமே தேர்ந்தவர்கள். கம்பியில்லா இணைப்பை நிரூபிக்க, 1999ஆம் ஆண்டு மேக்வேர்ல்டு கண்காட்சியில் ஷில்லர் கையில் ஐபுக் மடிக்கணினியுடன் உயரத்திலிருந்து மெத்தைமேல் குதித்தார். 2016இல் ஆப்பிளின் மென்பொருள் மாநாட்டில் ஆப்பிள் மியூசிக்கின் புதிய வடிவத்தை அறிமுகப்படுத்திய செயின்ட் ஜான், அரங்கில் இருந்த பொறியாளர்களை ராப் பாட வைக்க முயன்றார். வேறுபாடு மேடைக்குப் பின்னால் இருக்கிறது. ஆப்பிளில் சந்தைப்படுத்தல் என்பது விளம்பரத்தோடு நிற்பதில்லை. ஒரு கருவியில் எந்த வசதி இருக்க வேண்டும், அது யாருக்கு, என்ன விலைக்கு என்பவற்றிலும் அத்துறைக்குப் பங்குண்டு. நீண்ட பாட்டுப் பட்டியலை விரலால் சுழற்றியே கடக்க உதவிய ஐபாடின் சக்கரம் ஷில்லரின் யோசனை என்றே சொல்லப்படுகிறது. பொறியாளர்களோடு பல ஆண்டுகள் பழகி நம்பிக்கை பெற்றவருக்கே இத்தகைய செல்வாக்கு வாய்க்கும் என்பது என் கருத்து.

செயின்ட் ஜானுக்கு அந்தக் கால அவகாசம் கிடைக்கவில்லை. அவர் ஊபரில் பிராண்டுத் தலைமை அதிகாரியாகச் சேர்ந்த 2017 ஜூனிலேயே தலைமைச் செயல் அதிகாரி டிராவிஸ் கலானிக் பதவி விலகினார். நிர்வாகத்தின் நடத்தையால் கெட்ட பெயரை ஓராண்டு விளம்பரத்தால் மீட்பது யாருக்கும் இயலாது. நெட்ஃபிளிக்ஸிலும் அவர் இரண்டு ஆண்டுகளை எட்டவில்லை. 2022 மார்ச்சில் அவர் வகித்த சந்தைப்படுத்தல் தலைமை அதிகாரி பொறுப்புக்கு மரியன் லீ வந்தார். இதைச் செயின்ட் ஜானின் குறையாகப் பார்ப்பது நியாயமாகாது. படமோ தொடரோ உருவாகும் இடம் வேறு. ஒவ்வொன்றுக்குமான விளம்பர வேலையும் சில வாரங்களில் முடிந்துவிடுவதால், ஊடக நிறுவனங்களில் இந்த நாற்காலி எளிதில் கைமாறுகிறது.

நிலைத்திருப்பதற்கும் விலையுண்டு. 1986இல் ஆப்பிளில் சேர்ந்த கிரெக் ஜாஸ்வியாக், ஷில்லர் 2020 ஆகஸ்டில் சந்தைப்படுத்தல் தலைவர் பதவியிலிருந்து விலகிய பிறகே அந்தப் பதவிக்கு வர முடிந்தது. செயின்ட் ஜானோ மாறிய ஒவ்வொரு முறையும் பெரிய பொறுப்பையே ஏற்றார்.

இத்துறைக்கு வரும் இளையவர்களுக்கு நான் ஷில்லரின் வழியையே பரிந்துரைப்பேன். ஆனால் விலையும் வசதிகளும் முடிவாகும் கூட்டத்தில் சந்தைப்படுத்தல் பிரிவுக்கு இடமளிக்கும் நிறுவனமாக இருந்தால் மட்டுமே. அந்த இடம் உண்டா என்பதை நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிடலாம்.