வெல்டிங் காந்தத்தோடு நான்கு வருடம்

வெல்ட் அடிக்கும்போது இரும்புத் துண்டுகளைக் கோணத்தில் பிடித்து நிறுத்தும் அம்பு வடிவ வெல்டிங் காந்தம் நான்கு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. மூன்று இன்னும் வேலையில் இருக்கின்றன. நான்காவது, கீழே சிதறிய ஸ்க்ரூ பொறுக்கத்தான் ஆகிறது. அது என் தப்பு. டேக் (முழு வெல்டுக்கு முன் துண்டுகளை ஒட்டிவைக்கும் சின்னப் புள்ளி வெல்ட்) போட்டதும் கழற்றாமல் முழு வெல்டையும் ஓட்டிவிட்டேன். சூட்டில் பிடி போய்விட்டது. நியோடிமியம் காந்தம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வலு குறையும்.

ஆரம்பத்தில் காந்தம் காட்டுவதுதான் 90 டிகிரி என்று நம்பி ஒரு மேசைச் சட்டம் அடித்தேன். நிமிர்த்தி வைத்தால் ஆடியது. கோணம் அரை டிகிரி பிசகினாலே 600 மி.மீ. காலின் நுனியில் 5 மி.மீ. விலகிவிடும். காந்தத்தை மூலைமட்டத்தில் (90 டிகிரி சரிபார்க்கும் L வடிவக் கருவி) வைத்துப் பார்த்தேன், இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. காந்தம் கோணல் இல்லை, விளிம்பில் கிரைண்டர் தூள் அப்பியிருந்தது. துணியால் துடைத்தால் தூள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தால் கொத்தாக வந்துவிடுகிறது. இப்போது ஒவ்வொரு முறை வைப்பதற்கு முன்னும் இதைச் செய்கிறேன்.

டிசி மெஷினில் ராடு வைத்து அடிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: காந்தம் மூலைக்கு ஒட்டி இருந்தால் ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்சுடர்) ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும், பொறி தெறிக்கும். நான் கொஞ்சம் தள்ளி வைத்து, சின்ன டேக் ஒன்று போட்டு, உடனே கழற்றிவிடுவேன். நேராக இழுத்தால் வராது, ஒரு முனையைத் தூக்கிப் புரட்ட வேண்டும். விரல் நசுங்கிய பிறகு கற்றது.

அப்புறம், டேக் ஆறும்போது தன் பக்கம் இழுக்கும். அதனால் ஒரு பக்கம் போட்டதும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, தேவையென்றால் சுத்தியலால் லேசாகத் தட்டி, எதிர்ப்பக்கம் அடுத்த டேக். செவ்வகச் சட்டமானால் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக வராமல் முழு வெல்டுக்குப் போவதில்லை. ஒற்றை மூலைக்கு ஒரு பக்கம் 300 மி.மீ., மறுபக்கம் 400 மி.மீ. குறித்து, குறுக்கே 500 மி.மீ. வருகிறதா என்று பார்த்தால் போதும்.

அலுமினியத்திலும் 304 ஸ்டெயின்லெஸிலும் காந்தம் பிடிக்காது. அதற்காக ஒரு கார்னர் கிளாம்ப் வாங்கினேன். பிடி அருமை, ஆனால் மூலையின் உள்பக்கத்தை அடைத்துக்கொள்கிறது, வெல்டிங் டார்ச் நுழைய இடமில்லை. மரையில் பொறி ஒட்டி, போன வாரம் திருகவே வரவில்லை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து எண்ணெய் விட்டிருக்கிறேன்.