ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுப் பயிற்சி: பணம் கட்டும் முன் பெற்றோர் கவனத்திற்கு

தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி அளிப்பதாகக் கூறி, திருச்சியில் இயங்கும் ஒரு பயிற்சி நிலையம் எங்கள் குடும்பத்தை ஏமாற்றிய விதத்தை, அடுத்த கல்வியாண்டுக்கு இப்போதே இடம் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என் மகள் அப்போது மெட்ரிக் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் விரும்பிய பள்ளியில் சேர எழுத்துத் தேர்வில் தேற வேண்டும் என்றும், அந்தப் பள்ளியின் வினாத்தாள் முறை தங்களுக்கு மட்டுமே தெரியும் என்றும், தங்களிடம் படித்தால் சீட் உறுதி என்றும் நிலையத்தினர் அடித்துச் சொன்னார்கள். கட்டணம் ரூ.18,000 முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். வாசல் பலகையில் ஒரு பெயரும் ரசீதில் வேறு பெயரும் இருந்தது குறித்துக் கேட்டபோது, ரசீதில் இருப்பது உரிமையாளரின் அறக்கட்டளை என்று பதில் வந்தது.

நிலையான ஆசிரியர் என்று ஒருவரும் அங்கு இல்லை. கல்லூரி மாணவர்கள் மாறி மாறி வந்து, மாதிரி வினாத்தாளைக் கொடுத்து, நேரம் முடிந்ததும் விடைகளைப் பலகையில் எழுதிவிட்டுப் போவார்கள். ஒரு கணக்கு ஏன் தவறாகிப் போனது என்று எந்தக் குழந்தைக்கும் யாரும் விளக்கவில்லை.

அந்த வினாத்தாள்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் 80 வினாக்கள், 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். முதல் 40 வினாக்கள் பொருந்தாத படம், கண்ணாடிப் பிம்பம் போன்ற அறிவுத்திறன் வினாக்கள்; அடுத்த 20 கணிதம்; கடைசி 20 பத்தியைப் படித்து விடையளிப்பவை. தாள்களின் தலைப்பகுதியில் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி மறைத்து ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். ஒரு தாளில் அந்தக் காகிதம் சற்று விலகியதால், அச்செழுத்துகளின் கீழ்ப்பாதி வரிசையாகத் தெரிந்தது. காரைக்காலிலிருந்து வந்திருந்த என் அக்கா, தாளைப் புரட்டிய உடனேயே, இது தன் மகன் எழுதிய, மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கான பழைய வினாத்தாள் என்று சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆகவே அதன் தேர்வு முறை இங்குள்ள பெற்றோர் பலருக்குப் பழக்கமில்லாதது. அதைத் தெரிந்துகொண்டே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு எந்தத் தேர்வும் நடத்துவதில்லை, விண்ணப்பங்கள் வந்த வரிசைப்படியே இடம் தருகிறோம் என்று எழுத்து மூலமாகவே பதில் கிடைத்தது. அதை நிலையத்தினரிடம் காட்டியபோது, அது வெளியே சொல்வதற்கான பதில் என்று மழுப்பியதோடு, பள்ளிக்குள் ‘ஆள் இருக்கிறார்’ என்று சொல்லி மேலும் ரூ.40,000-ஐ ஒரு தனிநபரின் கைபேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டினார்கள்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 13-ஆவது பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளைச் சேர்க்கும்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதையும் நன்கொடை வாங்குவதையும் தடை செய்கிறது. தேர்வு வைத்தால் முதல் முறை ரூ.25,000 வரையும், அடுத்தடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் ரூ.50,000 வரையும் அபராதம். நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அத்தகைய பள்ளிகளில் தேர்வு இருக்கக்கூடும். எந்தப் பள்ளியாக இருந்தாலும், தேர்வு உண்டா, உண்டென்றால் பாடத்திட்டம் என்ன என்பதைப் பள்ளி அலுவலகத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தை மீறித் தேர்வு நடந்தால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் முறையிடலாம்.

பயிற்சி நிலையத்தின் மீது முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். பயனில்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடினேன். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். ரசீது, ‘சீட் உறுதி’ என்ற துண்டறிக்கை, பள்ளியின் மின்னஞ்சல், தலைப்பு மறைத்த வினாத்தாள்கள், பணம் கேட்ட வாட்ஸ்அப் செய்தி ஆகிய அனைத்தையும் இணைத்திருக்கிறேன். இவற்றில் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மகளுக்கு அதே பள்ளியில், எந்தத் தேர்வும் எழுதாமல், வழக்கமான விண்ணப்பத்தின் மூலமே இடம் கிடைத்தது. இந்த ஆண்டுக்கான துண்டறிக்கையில் அந்நிலையத்தினர் அவளுடைய புகைப்படத்தை ‘எங்கள் வெற்றியாளர்’ என்று எங்களைக் கேட்காமலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மாணவரின் எழுத்துப்பூர்வ இசைவின்றிப் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி நிலையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் சொல்வதால், அந்தத் துண்டறிக்கையையும் புகாரில் சேர்த்திருக்கிறேன்.