2.2 கேட்டேன், 2.5 வந்தது

கலிஃபோர்னியாவில் பழைய ஃபோக்ஸ்வாகன் வேனகன் வைத்திருக்கிறீர்களா? இன்ஜின் மாற்றுகிற யோசனையில் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கொடுத்துவிட்டுப் பாடம் படித்தவன் நான்.

என்னுடையது 1987 வெஸ்ட்ஃபாலியா, உள்ளேயே தங்கிச் சமைக்கிற வகை வேனகன். கூரையைத் தூக்கினால் மேலே ஒரு படுக்கை, உள்ளே அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு குட்டித் தொட்டி. பின்படுக்கைக்கு அடியில்தான் இன்ஜின்: 2.1 லிட்டர், 95 குதிரைத்திறன். அதுவும் புதிதாக இருந்தபோது! சியரா மலை ஏற்றத்தில் சரக்கு லாரிகள்கூட என்னைத் தாண்டிப் போகும். அது போகட்டும், எனக்கு அவசரம் இல்லை. ஆனால் இந்த இன்ஜினுக்குப் பரம்பரை வியாதி ஒன்று உண்டு. இன்ஜினின் அடிப்பாகமான பிளாக்கோடு அதன் மூடியான சிலிண்டர் ஹெட் சேரும் இடத்தைக் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அரித்து, ஒழுக ஆரம்பிக்கும். போன வருடம் எனக்கும் ஆரம்பித்தது.

பழசையே பிரித்துக் கட்டலாம். அல்லது, வேனகன்காரர்கள் பலர் செய்வதுபோல, சுபாரு இன்ஜின் போடலாம். அதிலும் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்த வாக்கில் இருப்பதால் அந்தத் தாழ்ந்த இடத்தில் அடங்கும். நான் கேட்டது 1990 முதல் 1994 வரை வந்த லெகசி காரின் 2.2 லிட்டர் இன்ஜின், ஈஜே22. 130 குதிரைத்திறன். டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. உழைப்பில் மாடு.

ஒருவர் சொல்லி ஒரு கடைக்குப் போனேன். "பத்து வண்டிக்கு மேல் செய்திருக்கிறேன், ஒரு கவலையும் வேண்டாம்" என்றார் மெக்கானிக். மொத்தம் 9,000 டாலர், பாதி முன்பணம். எழுத்தில் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த மாநிலத்தில் வேலையைத் தொடங்கும் முன்பே எழுத்தில் மதிப்பீடு தருவது பட்டறையின் கடமை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறு வாரம் என்றது ஏழு மாதமானது. வண்டி வந்த நாளில் இழுவை அருமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது பயணத்தில் மலை ஏறும்போது வெப்ப முள் மேலே போனது. நிறுத்திப் பார்த்தால் கூலன்ட் தொட்டியில் குமிழி குமிழியாக வருகிறது. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் இன்ஜின் மூடியைத் திறந்த உடனே, "இது 2.2 இல்லையே" என்றார். ஹெட்டுகள் அகலமாக, பக்கத்துக்கு இரண்டு கேம்ஷாஃப்டோடு (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) இருந்தன. பிளாக்கில் ஈஜே25 என்று இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த அந்த இரட்டை கேம் 2.5, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போவதற்கே பேர்போனது. ஹெட் ஒழுகும் தொல்லைக்குப் பயந்து ஓடி, காசு கொடுத்து அதே மாதிரித் தொல்லையை வாங்கியிருக்கிறேன்.

முதல் கடைக்காரரைக் கேட்டேன். "2.2 கிடைக்கவில்லை. அதே விலைக்குப் பெரிய இன்ஜின் போட்டேனே, நீங்கள் சந்தோஷப்பட வேண்டும்" என்றார்.

அப்புறம்தான் பெரிய இடி. இங்கே இன்ஜின் மாற்றினால் சாதாரண புகைப் பரிசோதனை நிலையம் போதாது, இப்படிப்பட்ட வண்டிகளைச் சோதிக்க மாநிலம் வைத்திருக்கும் ஸ்மாக் ரெஃபரீயிடம் போக வேண்டும். இன்ஜின் வண்டியின் வருடத்தை ஒத்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்த இன்ஜினோடு வந்த மாசுக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் கூடவே வர வேண்டும். சரியாக இருந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு லேபிள் ஒட்டுவார். என் வண்டியில் இருந்ததோ 1998 இன்ஜின், 1992 காரின் கம்ப்யூட்டர், அதே பழைய ஒயரிங். 1996 அல்லது அதற்குப் பிந்திய இன்ஜின் என்றால் அதன் ஓபிடி2 முறை (கோளாறுகளைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் ஏற்பாடு) முழுதாக வேலை செய்ய வேண்டும். இங்கே பாதி ஒயர் வெட்டப்பட்டு டேப் சுற்றியிருந்தது. ரெஃபரீ மரியாதையாகத்தான் பேசினார். லேபிள் தரவில்லை. புகைச் சான்றிதழ் இல்லாமல் மாநிலத்தின் வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி பதிவைப் புதுப்பிக்காது.

பழைய இன்ஜினையாவது திரும்பப் போடலாம் என்றால் அதுவும் இல்லை. கழற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இருந்தது. வேலை கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். பழைய இரும்புக்குப் போய்விட்டதாம்.

மாநிலத்தின் வாகனப் பழுதுத் துறையான பி.ஏ.ஆரில் புகார் கொடுத்தேன். எழுத்து மதிப்பீடு இல்லை என்பதை வைத்துத்தான் அவர்கள் கடைக்காரரோடு பேசினார்கள். 3,500 டாலர் திரும்ப வந்தது.

இப்போது வேன் 'ஓட்டாத வண்டி' என்று டிஎம்வியில் பதிவாகி, வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. 1994 லெகசி ஒன்றிலிருந்து கழற்றிய 2.2 ஒன்று பக்கத்து ஊரில் இருக்கிறதாம். இன்ஜின் எண், அந்தக் காரின் பதிவுத் தாள், கம்ப்யூட்டரின் மேல் இருக்கும் எண், மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நான்கு நாளாகிறது, இன்னும் பதில் இல்லை.