நேஷன்ஸ்டேட்ஸில் முடியாட்சி: ஆடிப் பார்த்தவன் சொல்கிறேன்

நேஷன்ஸ்டேட்ஸ் என்ற பிரவுசர் விளையாட்டைப் புதுச்சேரியில் கல்லூரி படித்த காலத்திலிருந்து ஆடிவருகிறேன். மாக்ஸ் பேரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் தன் நாவலுக்கு விளம்பரமாக 2002இல் தொடங்கியது. அனிமேஷன், சத்தம் எதுவும் கிடையாது, பெரும்பாலும் எழுத்துதான். ஆளுக்கு ஒரு நாடு, 50 லட்சம் மக்களோடு ஆரம்பம், தினமும் தீர்த்துவைக்கச் சில பிரச்சினைகள். டேட்டா தீர்ந்து நெட் மெதுவாகும் மாதக் கடைசியிலும் ஓடும். நான் பெரும்பாலும் முடியாட்சிப் பகுதிகளிலேயே ஆடியதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நாட்டின் பெயருக்கு முன்னால் ‘கிங்டம்’, ‘எம்பயர்’ என்று போட்டுக்கொள்ளலாம். விளையாட்டு அதைக் கண்டுகொள்வதே இல்லை. குடிமை உரிமை, பொருளாதாரம், அரசியல் சுதந்திரம் மூன்றையும் பார்த்து 27 ஆட்சி வகைகளில் ஒன்றை நம்மேல் ஒட்டிவிடும். தேர்தலை ஒழிக்க மனசு வராததால் என் ராஜ்ஜியம் ரொம்ப காலம் மக்களாட்சி வகையிலேயே கிடந்தது. ‘ரிபப்ளிக்’ என்று பெயர் வைத்திருந்த கடலூர் நண்பனுடைய நாடு சர்வாதிகார வகையில் இருந்தது. அவன் அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நிஜமான ராஜா யார் என்பது ‘ரீஜன்’ என்ற பகுதி அளவில்தான் தெரியும். பல நாடுகள் சேர்ந்தது ஒரு பகுதி. அதைத் தொடங்கியவர் ஃபவுண்டர். 2023 வரை உச்ச அதிகாரம் அவரிடம், இப்போது கவர்னர் என்ற பதவியில் இருப்பவரிடம். ஓட்டுப் போட்டு அவரை இறக்க முடியாது. அவர் நினைத்தால் யாரையும் வெளியேற்றலாம். பகுதிக்குள் என்ன அரசியல் சட்டம் எழுதினாலும் அந்தப் பட்டன் அவர் கையில்தான். ‘குடியரசு’ என்று அறிவித்துக்கொண்ட பகுதிகளிலும் கதை இதுதான். அதனால் ஒரு பகுதியில் சேரும்போது நான் அரசியல் சட்டத்தைக் கடைசியாகத்தான் படிப்பேன்.

இந்த ராஜாக்களுக்கு எமன் காலண்டர். 28 நாள் லாகின் செய்யாவிட்டால் நாடு மறைந்துவிடும். 2023 வரை ஃபவுண்டர் மறைந்தால் வெளியாட்கள் படையெடுத்து வந்து பகுதியைப் பிடிக்க வழி திறந்துவிடும். காதல், வேலை, கல்யாணம் என்று ராஜாக்கள் காணாமல்போய் அழிந்த பகுதிகள் ஏராளம். 2023இல் வந்த மாற்றத்தில் ஃபவுண்டருக்குப் பதில் கவர்னர் பதவி வந்தது. அவர் தனக்குப் பின் யார் என்று முன்பே குறித்துவைக்கலாம். சோழர்களுக்கு இது பழைய விஷயம். ராஜராஜன் உயிரோடு இருக்கும்போதே 1012இல் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிட்டான். இவர்களுக்கு இருபது வருடம் பிடித்திருக்கிறது!

இன்னொரு வகை, ஆதரவால் வரும் ராஜா. விளையாட்டுக்குள் ஐ.நா. மாதிரி உலக மன்றம் என்று ஒன்று உண்டு. பகுதியில் உள்ள அதன் உறுப்பு நாடுகளில் யாருக்கு அதிக ஆதரவோ அவரே டெலிகேட். புது நாடுகள் பிறக்கும் பசிஃபிக் பகுதிகளுக்கு ஃபவுண்டரே கிடையாது என்பதால் அங்கே டெலிகேட் வைத்ததுதான் சட்டம், அவர் துரோகம் செய்தால் ஆட்சிக் கவிழ்ப்பு. மறைந்து மீண்டும் உயிர்பெறும் நாடுகள் போய்ச் சேரும் பகுதிகளுக்கு லாசரஸ், ஒசைரிஸ், பால்டர் என்று பெயர். எல்லாம் செத்துப் பிழைக்கும் கதை உள்ளவர்கள். ஒசைரிஸின் தலைவருக்கு ஃபாரோ என்று பட்டம். பால்டர் தன்னை முடியாட்சி என்றே சொல்லிக்கொள்ளும். பரபரப்பு வேண்டுமானால் இந்தப் பகுதிகளுக்குப் போகலாம். எனக்கு ஒத்துவரவில்லை, ராத்திரி முழுக்க டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் யார் யாரைக் கவிழ்க்கப்போகிறார்கள் என்ற பேச்சுதான்.

அப்புறம்தான் நாங்களே ஒரு சின்னப் பகுதி தொடங்கினோம். அதற்கு மாதிரி, பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள அண்டோரா என்ற குட்டி நாடு. ராஜாவைத் துரத்திய பிரான்ஸின் ஜனாதிபதி இன்றும் அண்டோராவின் இரண்டு இளவரசர்களில் ஒருவர். மற்றவர் ஊர்கெல் பிஷப். பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது பிடித்துப்போனது. புதுச்சேரி இளவரசர் நான், கடலூர் இளவரசர் அந்த ரிபப்ளிக்காரன். நான் கவர்னர், அவன் டெலிகேட். முதல் வாரமே கேட்டான்: “டேய், சாவி உன்கிட்ட, கிரீடம் மட்டும் எனக்கா?” நியாயமான கேள்விதான். டெலிகேட்டுக்கும் வெளியேற்றும் அதிகாரத்தைத் திறந்துவிட்டேன். ஒருவர் தேர்வில் மூழ்கினாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வதால் இந்த ஏற்பாடு வருடக்கணக்கில் ஓடுகிறது. நான் பார்த்த வடிவங்களில் நிலைத்தது இதுதான்.

அமைச்சர்களைக் குடவோலை முறையில் எடுக்கிறோம். பெயர்களைப் போட்டால் ஒரு பாட் (தானியங்கி நிரல்) குலுக்கி எடுக்கும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்று இருக்கிறது. நாங்கள் அறிக்கை போடாத அமைச்சர் என்று மாற்றிக்கொண்டோம். பாதிப் பேர் அதிலேயே கழிந்துவிடுகிறார்கள்.

குறைகள் உண்டு. எல்லாமே ஆங்கிலம், அதுவும் நக்கல் ஆங்கிலம். புதிதாக வரும் பசங்களுக்குப் பாதி ஜோக் புரியாது. ராஜா என்றதும் போர் செய்யலாம் என்று வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நாட்டுக்கு நாடு சண்டை என்பது நாமே எழுதிக்கொள்ளும் கதைதான். கட்டாயக் கட்டணம் எதுவும் இல்லை. தினமும் பத்து நிமிடம் போதும், டிஸ்கார்டுக்குள் நுழையாதவரை.

செமஸ்டர் தேர்வு வருகிறதென்றால் செட்டிங்ஸில் வெகேஷன் மோடைப் போட்டுவிடுங்கள். 28 நாள் என்பது 60 நாளாகும். அதற்குள் அரியர் பேப்பரையும் முடித்துவிடலாம்.