ஓபரா பிங்க்: நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு தாமரை

போன வாரம் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீடு குடிபுகுந்தபோது நான் வரைந்து கொடுத்த தாமரை, ஹாலில் பால்கனிக் கதவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறது. நாலு வருஷம் ஆகிறது. உள்ளே நுழைந்ததும் கண் அங்கேதான் போனது, வயிற்றைப் பிசைந்தது. இலையின் பச்சை அப்படியே இருக்கிறது, காம்பின் சிறு முட்கள்கூடத் தெளிவாக இருக்கின்றன, பூ மட்டும் வெயிலில் காய்ந்து காய்ந்து வெளுத்த சேலை மாதிரி. அவள் மகள் இப்போதுதான் பூ வரைய ஆரம்பித்திருக்கிறாள். "ஆன்ட்டி, தாமரைக்கு ஓபரா பிங்க்தான் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே, வாங்கலாமா?" என்று அந்தப் படத்துக்குக் கீழேயே நின்று கேட்டாள். ஓபரா பிங்க் என்றால் மின்னுகிற ஒரு ரோஸ் நீர்வண்ணம், சுவரிலிருந்த அந்தப் பூவும் அதில் தீட்டியதுதான். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய்யில்லை. தாமரையை வரைய நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. தோவாளைச் சந்தையில் வாங்கும் மொட்டு பெரும்பாலும் தானாக விரியாது, கையால் மடக்கிவிட்ட இதழை வைத்துக்கொண்டு, செடியை உள்ளது உள்ளபடி காட்ட வேண்டிய தாவரப் படம் வரைய முடியாது, அதனால் விடியும்போதே குளத்தங்கரைக்குப் போயாக வேண்டும். முதல் நாள்தான் நிறம் அடர்த்தி. வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும், மறுநாள் திறக்கும்போது வெளிறியிருக்கும், மூன்றாம் நாள் நாலாம் நாளில் இதழ் உதிர ஆரம்பித்துவிடும். அந்த முதல் காலையின் நிறம் இருக்கிறதே, நுனியில் ரத்தம் கட்டியது போல் அழுத்தமாகத் தொடங்கி, நரம்பு நரம்பாக இறங்கி, அடியில் பாலேட்டின் நிறத்தில் கரைந்துபோகும் அது, மற்ற ரோஸ் நிறங்களில் மூன்று பூச்சு வேண்டும், ஒவ்வொரு பூச்சிலும் காகிதத்தின் ஒளி கொஞ்சம் செத்துப்போகும். ஓபராவில் ஒரே பூச்சு. ஹாட் பிரஸ் என்கிற வழவழப்பான கனத்த காகிதத்தில் இதழை நனைத்துவிட்டு நுனியில் தொட்டால் தானே வழிந்து வந்து நிற்கும். உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருக்கும். நான் அழுதிருக்கிறேன், நிஜமாக.

(மகரந்தத் தாள் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளை முனை நீட்டிக்கொண்டிருக்கும், சுற்றி மஞ்சள் தீட்டி அந்த வெள்ளையை விட்டுவைப்பது தனிப் பாடு. அது எந்த வண்ணம் வாங்கினாலும் உண்டு.)

அந்த விளக்குதான் பிரச்சினை. ஓபராவில் பெரும்பாலும் இரண்டு சரக்கு இருக்கும். ஒன்று குயினாக்ரிடோன் வகை நிறமி, ட்யூபில் பி.ஆர். 122 என்ற நிறமி எண்ணால் குறித்திருக்கும், அது உறுதியானது. இன்னொன்று ஒளிரும் சாயம். தன்மேல் விழும் வேறு நிற ஒளியை வாங்கித் தன் நிறமாகத் திருப்பி விடுவதால்தான் அப்படி மின்னுகிறது, அதே ஒளிதான் அதை உடைத்தும் போடுகிறது. சாயம் போனபின் மிஞ்சுவது நிறமி மட்டும், கொஞ்சம் நீலம் கலந்த, உயிரில்லாத பிங்க். ஸ்கேன் செய்தாலும் அச்சடித்தாலும் அந்த ஒளி வராது, ஆகவே நகல் எடுத்துக் காப்பாற்றிவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால் ட்யூபில் ஒளித்தாங்கும் தரம் குறைவு என்று குறித்திருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு சின்ன எழுத்தில்! கடையில் எடுத்துக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது போன வருஷம்தான். ஒரு தாளில் ஓபரா, அலிசரின் கிரிம்சன் என்கிற சிவப்பு, பி.வி. 19 என்ற எண்ணுள்ள குயினாக்ரிடோன் ரோஸ் மூன்றையும் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, கிழக்கு ஜன்னலில் ஆறு மாதம் ஒட்டிவைத்தேன். அட்டையை எடுத்தபோது ஓபராவில் கோடு போட்டது போல் இரண்டு நிறம். அலிசரினும் மெலிந்திருந்தது. பி.வி. 19 மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. ஆனால் தோழியிடம் படம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக வரைந்த தென்னிந்தியச் செடிகள் இன்றும் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன, 1800களில் வரைந்தவை. இத்தனை தலைமுறை கழித்தும் இதழின் நிறம் இதுதான் என்று ஒருவர் அதைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. தாவரப் படம் என்றால் அதற்குத்தானே. நான் கொடுத்த தாமரையைப் பார்த்து நாளைக்கு யாராவது இந்தப் பூ இப்படி மங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டால்?

அதனால் அந்தப் பெண்ணுக்கு என் பதில்: வாங்காதே. பி.வி. 19 வாங்கு, வயலட் இல்லை, ரோஸ் வகை என்று கேட்டு வாங்கு. நுனிக்குக் கொஞ்சம் பி.ஆர். 122 தனியாக, சாயம் கலக்காததாக. பூச்சு கூடுதலாகும், முதல் காலையின் ஒளி முழுசாக வராது, முக்கால்வாசி வரும். உன் அம்மாவுக்கு இப்போது அதில்தான் புதிதாக ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன், ஆறு இதழ் முடிந்திருக்கிறது. ஓபரா ட்யூப் இன்னும் பாதி மேசை இழுப்பறையில் இருக்கிறது, நேற்று ஆறாவது இதழின் நுனிக்கு வந்தபோது அதை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடி வைத்தேன்.