காபித்தூள் தீர்ந்த பிறகு மிஞ்சும் பாட்டில்

ஹாஸ்டலுக்கு வரும் ஜூனியர்கள் முதலில் கேட்பது, "அக்கா, என்னென்ன டப்பா வாங்கணும்?" ஒன்றும் வேண்டாம், இன்ஸ்டன்ட் காபித்தூளைக் கண்ணாடிப் பாட்டிலில் வாங்குங்கள் என்பேன். காபியின் ருசியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தூள் தீர்ந்ததும் கையில் மிஞ்சும் அந்தப் பாட்டிலுக்குத்தான் இந்த விமர்சனம்.

திருச்சியில் எங்கள் அறையில் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஷெல்ஃப். எறும்புத் தொல்லை சொல்லி மாளாது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பாக்களின் மூடி கொஞ்ச நாளில் தளர்ந்துவிடுகிறது. எறும்பு வழி கண்டுபிடித்துவிடும். இந்தப் பாட்டிலின் திருகுமூடி அப்படியே இறுக்கமாக நிற்கிறது. அம்மா கொடுத்துவிடும் பருப்புப்பொடி வாசம் போகாமல் இருக்கிறது, சீடை நமுத்துப்போவதில்லை. ஊறுகாய் வைத்தால் பிளாஸ்டிக்கில் எண்ணெயும் மஞ்சள் கறையும் ஏறிக்கொள்ளும், கண்ணாடியில் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் தகர மூடி போட்ட பாட்டிலை ஊறுகாய்க்கு எடுக்காதீர்கள். உப்பும் புளிப்பும் சேர்ந்து துருப்பிடிக்க வைத்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பயன், பயறு முளைகட்டுவது. எங்கள் ஹாஸ்டலில் அடுப்பு, கெட்டில் எதற்கும் அனுமதி இல்லை. ராத்திரி ஒரு கைப்பிடி பாசிப்பயறைப் பாட்டிலில் போட்டு ஊறவைப்பேன். காலையில் வாய்க்குப் பழைய வேட்டித் துணியைக் கட்டி, ரப்பர் பேண்ட் மாட்டி, நீரை வடித்துச் சாய்த்து வைத்துவிடுவேன். காலையும் மாலையும் ஒருமுறை அலசி வடித்தால் போதும், மறுநாளே வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். கால் பாட்டிலுக்கு மேல் பயறு போடாதீர்கள், முளை வர இடம் வேண்டும். வெயில் காலத்தில் அலசாமல் விட்டால் வாடை வந்துவிடும், அதைச் சாப்பிடக் கூடாது. மெஸ்ஸில் ஒரு எலுமிச்சைத் துண்டு கேட்டு வாங்கிப் பிழிந்து, உப்புத் தூவினால் சாயங்காலப் பசிக்கு வேறு எதுவும் தேவையில்லை. கேன்டீனில் பஃப்ஸுக்குக் கொடுக்கும் காசு அப்படியே மிச்சம்.

தேங்காய் எண்ணெய்க்கும் இதுதான். 24 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெய் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் குறுகிய வாய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதிலோ விரலாலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சுத்தம் செய்வது சுலபம். லேபிளை ஊறவைத்து உரியுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும். அப்புறமும் காபி வாசம் அடித்தால் கண்ணாடியைச் சந்தேகப்படாதீர்கள், வாசம் மூடிக்குள் இருக்கும் அட்டையில்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு மூடியை வெயிலில் காயவையுங்கள்.

குறை என்றால் எடைதான். ஊருக்குப் போகும்போது இரண்டு பாட்டில் சேர்ந்தாலே பை கனக்கும். நான் பழைய சாக்ஸுக்குள் நுழைத்து, துணிகளுக்கு நடுவில் வைத்துத்தான் பஸ்ஸில் கொண்டுபோகிறேன். கொதிக்கும் நீரையும் இதில் ஊற்றக் கூடாது. அறைத்தோழி ஒருத்தி பாலை ஆற்றாமல் அந்தச் சூட்டிலேயே ஊற்ற, அடிப்பாகம் வட்டமாகக் கழன்று வந்துவிட்டது. சட்டென்று ஏறும் சூட்டைச் சாதாரணக் கண்ணாடி தாங்காது.

வாங்கும்போது 50 கிராம் பாட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். வாய் சின்னது, உள்ளே கை போகாது, ஊக்கும் பொட்டும் வைக்கத்தான் ஆகும். 200 கிராம்தான் சரி. ஒருமுறை அதை வாங்கிவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து காபித்தூளைப் பாக்கெட்டில் வாங்குங்கள். நான் வாங்கும் கடையில் கிராம் கணக்குப் போட்டால் பாக்கெட்தான் மலிவு.